எல்லாருக்கும் ஒரே கார்... அப்புறம் ஏன் ஒருத்தரே திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார்? 'ஒன்-மேக்' கார் பந்தயத்தின் கணக்கு இதுதான்!

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் ரேசிங் அணி மூன்றாம் இடம் பிடித்து மேடை ஏறியது. அந்த வீடியோ தமிழ்நாட்டில் எத்தனை போன்களில் ஓடியது என்று சொல்லத் தேவையில்லை. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "மூணாவது இடம்னு சொல்றாங்க, ஆனா '992 பிரிவு'ன்னும் சொல்றாங்களே, அது என்ன?"

992 பிரிவு என்றால், அதில் ஓடுகிற எல்லா காரும் ஒரே கார். போர்ஷே 911 ஜிடி3 கப். 992 என்பது அந்தத் தலைமுறை காருக்கு போர்ஷே வைத்திருக்கும் எண். அந்தப் பிரிவுக்குள் ஃபெராரி கிடையாது, பிஎம்டபிள்யூ கிடையாது.

இப்படி ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் காரை மட்டும் வைத்து நடக்கும் போட்டிக்கு 'ஒன்-மேக்' பந்தயம் என்று பெயர். உலகம் முழுக்க இப்படி ஏராளமான தொடர்கள் நடக்கின்றன. சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்திருக்கின்றன.

கேட்டதும் நமக்குத் தோன்றுவது என்ன? "எல்லாருக்கும் ஒரே கார்னா, நல்லா ஓட்டுறவன் ஜெயிப்பான். பணக்கார டீம், ஏழை டீம்னு பிரச்னையே இல்லையே!" சொல்லிக் கேட்கும்போது அப்படித்தான் தெரியும். ஆனால் சாம்பியன் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் வேற மாதிரி இருக்கு.

ஒன்-மேக் பந்தயம் எப்படி வந்தது?

கார் பந்தயத்தில் செலவு என்பது எப்போதுமே எல்லை இல்லாமல் ஓடும். ஒரு அணி இன்ஜினில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால், அடுத்த அணியும் அதைச் செய்தாக வேண்டும். கடைசியில் அதிக பணம் இருப்பவரிடம் வேகமான கார் இருக்கும்.

இதற்கு ஒரு எளிய மாற்று வழி 1966-ல் பிரான்ஸில் வந்தது. ரெனோ நிறுவனம் 'ரெனோ 8 கோர்டினி' என்ற தன் சின்ன காரை மட்டும் வைத்து ஒரு கோப்பைப் போட்டியைத் தொடங்கியது. எல்லாருக்கும் அதே கார். இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயத்துக்கு வரலாம், ரெனோவுக்கும் விளம்பரம். இன்று நடக்கும் பெரும்பாலான ஒன்-மேக் தொடர்களின் அடிப்படை யோசனை இதுதான். ரெனோவே பிறகு 'கிளியோ கோப்பை' என்று பல நாடுகளில் நடத்தியது.

இதில் ஓடுவது பெரும்பாலும் 'டூரிங் கார்'. அதாவது ஷோரூமில் வாங்கி நாம் ரோட்டில் ஓட்டுகிற செடான், ஹேட்ச்பேக் மாதிரி காரை எடுத்து, உள்ளே சீட், ஏசி எல்லாம் கழற்றி, கம்பிக்கூண்டு பொருத்தி, பந்தயத்துக்கு மாற்றிய கார். போர்ஷே கப் கார் ஸ்போர்ட்ஸ் கார் வகை என்றாலும், போட்டி நடக்கிற விதம் ஒன்றுதான்.

'ஒரே மாதிரி' என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

சும்மா ஒரே மாடல் காரைக் கொடுத்தால் போதாது. யாராவது உள்ளே கை வைத்துவிட்டால்? அதனால் விதிகள் கடுமையாக இருக்கும்.

இன்ஜினுக்கு சீல் வைத்துவிடுவார்கள். அணி மெக்கானிக் அதைத் திறந்தால் தண்டனை. சந்தேகம் வந்தால் இன்ஜினை எடுத்து சோதித்துப் பார்க்கலாம். டயர் ஒரே நிறுவனத்துடையது. ஒரு வார இறுதிக்கு இத்தனை செட் டயர்தான் என்று அளவு உண்டு, எந்த டயர் யாருடையது என்று குறித்தும் வைப்பார்கள். பெட்ரோல் ஒன்றே. குறைந்தபட்ச எடை ஒன்றே. போட்டி முடிந்ததும் கார்களைத் தனியாக நிறுத்தி, அதிகாரிகள் எடை போட்டு, உயரம் அளந்து பார்ப்பார்கள். அதில் கொஞ்சம் பிசகினாலும் ஜெயித்த இடம் பறிபோகும்.

பல தொடர்களில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ஜெயித்தவரின் காரில் அடுத்த போட்டிக்குக் கூடுதல் எடை வைப்பது ஒன்று. முதல் பந்தயத்தில் முன்னால் முடித்தவர்களை அடுத்த பந்தயத்தில் பின்னால் நிறுத்தி ஆரம்பிக்க வைப்பது இன்னொன்று. போட்டி விறுவிறுப்பாக இருக்கணும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

இதன் பலன் தகுதிச் சுற்றில் தெரியும். ஃபார்முலா 1-ல் முன்னணி அணிக்கும் கடைசி அணிக்கும் காரிலேயே இடைவெளி இருக்கும். நல்ல ஒன்-மேக் தொடரில் ஒரே ஒரு நொடிக்குள் பத்துப் பன்னிரண்டு கார்கள் நெருக்கியடித்து நிற்பது சகஜம்.

8 சீசன், 3 சாம்பியன்!

அப்போ வருஷத்துக்கு ஒரு புது சாம்பியன் வரணுமே? வருகிறார்களா?

உலகின் மிகப் பிரபலமான ஒன்-மேக் தொடர் 'போர்ஷே சூப்பர்கப்'. 1993-ல் இருந்து நடக்கிறது. ஃபார்முலா 1 பந்தயங்கள் ஐரோப்பாவில் நடக்கும் வார இறுதிகளில், அதே ட்ராக்கில், அதே கூட்டத்தின் முன்னால் ஓடுகிறது.

அதன் சாம்பியன்களைப் பாருங்கள். 2017, 2018, 2019 மூன்று வருடமும் ஜெர்மனியின் மிக்கேல் அமர்முல்லர். 2020, 2021-ல் நெதர்லாந்தின் லாரி டென் வோர்டே. 2022-ல் லக்ஸம்பர்க்கின் டிலான் பெரெய்ரா. 2023, 2024-ல் மறுபடியும் டென் வோர்டே. 8 சீசனில் மொத்தமே 3 பேர்.

இதே 8 வருடங்களில் ஃபார்முலா 1-ல் எத்தனை சாம்பியன்? 2017 முதல் 2020 வரை லூயிஸ் ஹாமில்டன், 2021 முதல் 2024 வரை மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். 2 பேர்.

அதாவது, 'காரை வைத்துத்தான் ஜெயிக்கிறார்கள்' என்று நாம் திட்டுகிற ஃபார்முலா 1-க்கும், எல்லாருக்கும் ஒரே கார் கொடுக்கிற சூப்பர்கப்புக்கும் இடையே இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமே இல்லை!

இது இந்த 8 வருடக் கதை மட்டுமா? இல்லை. 1997-லிருந்து 2000 வரை தொடர்ந்து 4 தடவை நெதர்லாந்தின் பாட்ரிக் ஹுயிஸ்மன். 2010-லிருந்து 2012 வரை தொடர்ந்து 3 தடவை ஜெர்மனியின் ரெனே ராஸ்ட். ஒரு ஓட்டுநர் கையில் அந்தக் கார் பழகிவிட்டால், அவரை அசைப்பது கஷ்டம் என்பதுதான் இந்தப் பட்டியல் சொல்வது.

கார் ஒன்று... வித்தியாசம் எங்கே வருகிறது?

முதல் காரணம், காரின் குணம். 992 கப் காரில் 4 லிட்டர் இன்ஜின், 510 பிஎஸ் சக்தி. இன்ஜின் காரின் பின்பக்கம் இருக்கும், எடையும் பின்னால்தான். சூப்பர்கப் தொடரில் இந்தக் கார்கள் ஏபிஎஸ் இல்லாமல், டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லாமல் ஓடின. பிரேக்கை ஒரு துளி அதிகம் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், டயர் தேய்ந்து தட்டையாகிவிடும். நம்ம வீட்டு காரில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலையை இங்கே ஓட்டுநரின் வலது கால்தான் பார்க்க வேண்டும். அந்தக் கால் பழக ஒரு சீசன் போதாது. அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது சீசன் ஓட்டுகிறவர் புதுசா வந்தவரைவிட முன்னால் நிற்கிறார்.

இரண்டாவது, செட்-அப். இன்ஜினைத் தொட முடியாது. ஆனால் பின் இறக்கையின் கோணம், காரின் உயரம், சஸ்பென்ஷன் அமைப்பு, டயரில் காற்றழுத்தம் ஆகியவற்றை விதிக்குள் மாற்றலாம். எந்த ட்ராக்குக்கு எது சரி என்று கணிப்பது இன்ஜினியர் வேலை. ஐந்து வருட டேட்டாவைக் கையில் வைத்திருக்கும் அணி வெள்ளிக்கிழமை காலையே சரியான இடத்தில் ஆரம்பிக்கும். புது அணி அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தகுதிச் சுற்று முடிந்துவிடும்.

மூன்றாவது, தகுதிச் சுற்று. கார்கள் எல்லாம் ஒரே வேகம் என்றால் முந்துவது எப்படி? நேர்பாதையில் முன்னால் போகிற காரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு வேகம் எடுக்கலாம். ஆனால் வளைவில் அதே நெருக்கம் நம் காரின் பிடிமானத்தைக் குறைக்கும். அதனால் எங்கே ஆரம்பிக்கிறோமோ, அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் முடிக்கிறோம். மொனாக்கோ போன்ற குறுகிய தெருக்களில் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தின் பாதி, சனிக்கிழமை ஒரே ஒரு நல்ல சுற்றிலேயே முடிவாகிவிடுகிறது.

நான்காவது, சீசன் கணக்கு. ஃபார்முலா 1 போல இருபதுக்கும் மேற்பட்ட பந்தயங்கள் இங்கே கிடையாது. சூப்பர்கப்பில் சமீப சீசன்களில் 8 பந்தயங்கள்தான். உதாரணத்துக்கு, முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 20 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு பந்தயத்தில் ஜெயித்து அடுத்ததில் மோதி வெளியேறினால் கையில் 25. இன்னொருவர் இரண்டிலும் இரண்டாவதாக வந்தால் 40. ஒரு தடவைகூட ஜெயிக்காதவர் 15 புள்ளி முன்னால்! எட்டே பந்தயத்தில் அந்த 15 புள்ளியைத் திரும்பப் பிடிக்க நேரம் இருக்காது. அதனால் சாம்பியன் ஆகிறவர் அதிரடிக்காரராக இருப்பதைவிட, மோதாமல் முடிக்கத் தெரிந்தவராக இருப்பார்.

பணம் எங்கே நுழைகிறது?

மேலே சொன்ன நான்கிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? எல்லாமே பயிற்சியில் வருவது. பயிற்சிக்குப் பணம் வேண்டும்.

போட்டி நாட்களில் டயருக்குக் கட்டுப்பாடு உண்டு. போட்டி இல்லாத நாட்களில் ஒரு ட்ராக்கை வாடகைக்கு எடுத்து, அதே மாதிரி இன்னொரு காரில் நாள் முழுக்க ஓட்டிப் பழகுவதைப் பல தொடர்களில் முழுசாகத் தடுக்க முடியாது. அதிகாரப்பூர்வ சோதனைக்குத் தடை போட்டாலும், வேறொரு நாட்டில் அதே கார் ஓடுகிற இன்னொரு தொடரில் சேர்ந்து ஓட்டிவிட்டு வரலாம். ஒரே வருடத்தில் இரண்டு, மூன்று போர்ஷே தொடர்களில் ஓட்டுகிற ஓட்டுநர்கள் அதனால்தான் நிறைய. சிமுலேட்டர், தனி பயிற்சியாளர், டேட்டா இன்ஜினியர் எல்லாம் தனிச் செலவு.

விபத்துக் கணக்கும் இருக்கு. ஒரு மோதலில் முன்பகுதி போனால், பெரிய அணி மாற்று பாகத்தைப் பொருத்தி மறுநாள் ஓட்டும். சொந்தக் காசில் வந்த குடும்பத்துக்கு அந்த ஒரு மோதலே சீசனின் கடைசி நாளாக முடியலாம். அந்த பயம் இருக்கிற ஓட்டுநர் வளைவில் கடைசி நொடி வரை பிரேக் போடாமல் காத்திருப்பாரா? மாட்டார். அந்தக் கால் நொடியில்தான் இரண்டு இடம் போகும்.

ஆக, ஒன்-மேக் விதி காரில் இருக்கிற பணத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற பணத்தை அது தொடுவதில்லை.

கார் யாருடையது? இதுதான் முக்கியக் கேள்வி

சரி, இதைச் சமன் செய்ய வழியே இல்லையா? இருக்கு. ஆனால் அதற்கு வேறொரு விலை உண்டு.

ஒன்-மேக் தொடர்களில் இரண்டு வகை. முதல் வகையில் அணிகள் காரை விலைக்கு வாங்கி, தாங்களே பராமரித்து ஓட்டும். போர்ஷே தொடர்கள் இந்த வகை.

இரண்டாவது வகையில் கார்கள் எல்லாம் நிறுவனத்துடையவை. நிறுவனமே கார்களைத் தயார் செய்து, பழுது பார்த்து, ட்ராக்குக்குக் கொண்டுவரும். ஓட்டுநர் கட்டணம் கட்டிவிட்டு ஹெல்மெட்டோடு வந்து உட்கார்ந்தால் போதும். அணி வித்தியாசம் இங்கே மிகவும் குறைந்துவிடும். நியாயம் என்று பார்த்தால் இரண்டாவது வகைதான் சிறந்தது.

ஆனால் அதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. நிறுவனம் "போதும்" என்று சொன்னால் மறுநாளே எல்லாம் முடிந்துவிடும்.

ஜாகுவார் கதை இதற்கு நல்ல உதாரணம். 2018 டிசம்பரில் சவுதி அரேபியாவின் திரியா நகரத் தெருக்களில் 'ஜாகுவார் ஐ-பேஸ் இ-டிராபி' தொடங்கியது. ஷோரூமில் விற்கிற எலெக்ட்ரிக் எஸ்யூவியை அதே 90 கிலோவாட்-ஹவர் பேட்டரியோடு பந்தய காராக மாற்றியிருந்தார்கள். ஃபார்முலா இ பந்தயம் நடக்கும் நகரங்களில் துணைப் போட்டியாக ஓடியது. பிரபலங்கள் ஓட்ட 'விஐபி' கார் என்று ஒன்றும் இருந்தது. முதல் சீசன் சாம்பியன் பிரேசிலின் செர்ஜியோ ஜிமெனெஸ். இரண்டாவது சீசன் நியூசிலாந்தின் சைமன் எவன்ஸ்.

மூன்றாவது சீசன்? வரவே இல்லை. 20 கார் வரை ஓடும் என்ற திட்டத்தோடு ஆரம்பித்த தொடரில் சுமார் பாதி அளவுக்குத்தான் கார்கள் நின்றன. 2020 மே மாதம், கொரோனா பாதிப்பைச் சொல்லி, அந்த சீசனோடு தொடரை முடிப்பதாக ஜாகுவார் அறிவித்தது. ஆகஸ்ட்டில் பெர்லினில் கடைசிப் பந்தயம் நடந்தது. அந்தக் காரில் கற்றுக்கொண்டதை வைத்து அதே காரில் அடுத்த வருடம் ஓட்ட யாருக்கும் வழி இல்லை.

ஆடி நிறுவனமும் 'ஆடி ஸ்போர்ட் டிடி கோப்பை' என்று 2015-ல் ஆரம்பித்தது. ஜெர்மனியின் டிடிஎம் பந்தய வார இறுதிகளில் ஓடியது. கார்கள் எல்லாம் ஆடியின் பராமரிப்பில். நல்ல போட்டி, நல்ல கூட்டம். 2017-ல் மூன்றாவது சீசனோடு முடிந்தது.

நம்ம ஊர்ல என்ன நடந்தது?

இந்தியாவில் இந்த வகையில் அதிகம் பேசப்பட்டது போக்ஸ்வாகன் கோப்பை. 2010-ல் 'போலோ கோப்பை' என்று ஆரம்பம். இருங்காட்டுக்கோட்டை ட்ராக், கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, பிறகு நொய்டா பக்கத்தில் புத்தா சர்வதேச ட்ராக் என்று பந்தயங்கள் நடந்தன. கோ-கார்ட் ஓட்டிப் பழகிய பசங்களுக்கு, ஒரு உலக நிறுவனத்தின் தொழிற்சாலை தரத்தில் தயாரான பந்தய காரில் உட்காரக் கிடைத்த வாய்ப்பு அது.

இப்போ பெயர் மாற்றத்தைக் கவனியுங்கள். 2015-ல் அது 'வென்ட்டோ கோப்பை'. 2017-ல் 'அமியோ கோப்பை'. ஷோரூமில் எந்தக் காரை விற்க வேண்டுமோ, அந்தக் கார்தான் ட்ராக்கிலும் ஓடியது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. விளம்பரத்துக்குத்தானே நிறுவனம் காசு போடுகிறது. ஆனால் விற்பனை நின்றால் கோப்பையின் அடிப்படைக் காரணமும் ஆட்டம் காணும்.

அதுதான் நடந்தது. 2020-ல் புதிய மாசு விதிகள் வந்தபோது அமியோ விற்பனை நின்றது. அதே வருடக் கடைசியில் ஜெர்மனியில் இருந்த போக்ஸ்வாகன் மோட்டார்ஸ்போர்ட் பிரிவையே மூடப்போவதாகத் தலைமை அறிவித்தது. 2022-ல் போலோ, வென்ட்டோ இரண்டின் உற்பத்தியும் இந்தியாவில் முடிந்தது. கோப்பைக்குப் பெயர் கொடுத்த மூன்று கார்களில் ஒன்றுகூட இன்று புதிதாக வாங்கக் கிடைக்காது.

டொயோட்டாவும் 2010-களின் தொடக்கத்தில் எடியோஸ் காரை வைத்து ஒரு தொடர் நடத்தியது. அது நின்ற பிறகும் அந்த எடியோஸ் பந்தய கார்கள் வீணாகவில்லை. சென்னையில் எம்ஆர்எஃப் சலூன் கார் பிரிவில் பல வருடங்கள் ஓடின. நிறுவனம் விலகினாலும், காரை எடுத்து நடத்த இன்னொருவர் இருந்தால் போட்டி தொடரும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் இது.

போர்ஷே மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பதில் எளிது. போர்ஷேவுக்கு இது விளம்பரச் செலவு மட்டும் இல்லை, வியாபாரமும்தான்.

ஜெர்மனியில் 1986-ல் '944 டர்போ கோப்பை'யோடு ஆரம்பித்தார்கள். 1990-ல் 911 காரை வைத்து 'கரேரா கோப்பை' வந்தது. அதிலிருந்து இன்றுவரை 5 ஆயிரத்துக்கும் அதிகமான கப் கார்களை போர்ஷே தயாரித்து விற்றிருக்கிறது. வாங்கியவர் அடுத்து பாகங்கள் வாங்குவார். சில வருடம் ஓட்டிவிட்டு, அடுத்த நிலை தொடரில் ஓட்டுகிற இன்னொருவருக்கு அந்தக் காரை விற்பார். அவரும் போர்ஷேவிடம்தான் பாகம் வாங்க வேண்டும். துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்தக் கார்களுக்கு என்றே தனிப் பிரிவு வைக்க முடிகிறது என்றால், அத்தனை கார்கள் உலகம் முழுக்க அணிகளின் கையில் இருப்பதுதான் காரணம்.

ஒரு வருடம் தலைமை அலுவலகத்தில் விளம்பர பட்ஜெட்டை வெட்டினாலும், வாங்கிய கார்கள் அணிகளிடமே இருக்கும். ஏதாவது ஒரு ட்ராக்கில், ஏதாவது ஒரு தொடரில் அவை ஓடும்.

இதற்கு விலை உண்டு. 992 கப் கார் அறிமுகமானபோது வரி இல்லாமல் 2.25 லட்சம் யூரோ. 2026 சீசனுக்காக அறிவித்த புதிய '911 கப்' கார், 520 பிஎஸ் சக்தியோடு வருகிறது. அதன் விலை வரி இல்லாமல் 2.69 லட்சம் யூரோ. நம்ம கணக்கில் சுமார் இரண்டே முக்கால் கோடி ரூபாய்! இது வெறும் கார் விலை. இதற்கு மேல்தான் டயர், மெக்கானிக், பயணம், விபத்து எல்லாம். சூப்பர்கப்பில் புதுக் கார் வருகிறது என்றால், அங்கே தொடர்ந்து ஓட விரும்பும் அணி அதை வாங்கித்தான் ஆகணும்.

ஆக, தேர்வு இப்படி இருக்கு. நிறுவனமே கார் கொடுக்கிற தொடரில் சேருவது எளிது, ஆனால் தொடர் எப்போது நிற்கும் என்று தெரியாது. கார் வாங்கி ஓட்டுகிற தொடர் நிலைத்து நிற்கும், ஆனால் உள்ளே நுழையவே கோடிகள் வேண்டும். இளம் ஓட்டுநரின் குடும்பம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

அப்போ ஏன் இதில் ஓட்டுகிறார்கள்?

ஏனென்றால் மேலே ஏறுவதற்கு இது நிஜமான ஏணி. காரின் மேல் பழி போட முடியாத இடம் என்பதால், இங்கே ஜெயிப்பவரை நிறுவனங்கள் நம்புகின்றன.

நியூசிலாந்தின் ஏர்ல் பாம்பர் ஆசியாவின் கரேரா கோப்பையை 2013, 2014 இரண்டு வருடமும் ஜெயித்தார். 2014-ல் சூப்பர்கப்பும் அவருக்கே. அடுத்த வருடம், 2015-ல், போர்ஷே அவரை லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் முதன்மை பந்தய காரில் உட்கார வைத்தது. ஜெயித்துக் காட்டினார். 2017-ல் மறுபடியும் ஜெயித்தார். சூப்பர்கப்பை மூன்று தடவை ஜெயித்த ரெனே ராஸ்ட், பிறகு ஜெர்மனியின் டிடிஎம் தொடரில் 2017, 2019, 2020 என மூன்று பட்டம் வென்றார்.

சென்னையைச் சேர்ந்த ஆதித்யா படேலும் ஜெர்மனியில் போக்ஸ்வாகன் கோப்பைகளில் ஓட்டி, பிறகு ஆசியாவில் நடந்த 'ஆடி ஆர்8 எல்எம்எஸ் கோப்பை'க்குப் போனவர். அதுவும் ஒன்-மேக் தொடர்தான். இங்கே ஒரு நிறுவனம் கோப்பை நடத்தியபோது, இங்கிருந்து ஒருவர் வெளியே போக வழி திறந்தது. கோப்பை நிற்கும்போது அந்த வழியும் குறுகிவிடுகிறது.

அடுத்த தடவை பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

* தகுதிச் சுற்றைத் தவறவிடாதீர்கள். யார் முதல் வரிசை என்பது பாதி ரிசல்ட்.
* முதல் சுற்றில் முதல் வளைவு. ஒரே வேகத்தில் முப்பது கார் ஒரே இடத்தில் பிரேக் போடும் நேரம் அது. சீசனே மாறிப்போகும் இடம்.
* பந்தயத்தின் கடைசி ஐந்து நிமிடம். டயரைக் காப்பாற்றி ஓட்டியவர் அப்போதுதான் வெளியே தெரிவார்.
* ஓட்டுநரின் எத்தனையாவது சீசன் என்று பாருங்கள். முதல் சீசனில் ஏழாவது இடம் என்பது, ஐந்தாவது சீசனில் மூன்றாவது இடத்தைவிடப் பெரிய செய்தியாக இருக்கலாம்.
* 'விருந்தினர்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல தொடர்களில் ஒரு பந்தயத்துக்கு மட்டும் வரும் உள்ளூர் ஓட்டுநர் ஜெயித்தாலும் சாம்பியன்ஷிப் புள்ளி கிடையாது. அவருக்குப் பின்னால் வந்தவருக்கு அது போகும்.
* புது கோப்பை ஏதாவது அறிவித்தால், பரிசுத் தொகையைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கார் யாருடையது?

அந்தக் கடைசிக் கேள்வி ரசிகர்களைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகம் தேவை. பையனையோ பொண்ணையோ ரேஸுக்கு அனுப்ப நினைப்பவர்கள், 'எல்லாருக்கும் ஒரே கார்' என்ற விளம்பர வரியோடு நின்றுவிடக் கூடாது. கட்டணத்தில் எத்தனை நாள் பயிற்சி அடக்கம், மோதினால் செலவு யாருடையது, அடுத்த வருடமும் இந்தத் தொடர் நடக்கும் என்பதற்கு எழுத்தில் என்ன உறுதி என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து போடுவது நல்லது. ட்ராக்கில் முந்த முடியாமல் போனால் அடுத்த பந்தயம் இருக்கு. தொடரே நின்றுபோனால், கட்டிய பணத்துக்கும் பழகிய காருக்கும் அடுத்த பந்தயம் கிடையாது.